அறுபது வினாடியின் ஐந்தொகை

மளிகை பாக்கி எழுதுகிற நீள நோட்டு விக்கிரமங்கலத்தில் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கொஞ்ச நாளாக வேறு கணக்கு ஓடுகிறது. ரூபாய்க் கணக்கு இல்லை, வினாடிக் கணக்கு. செல்போனில் ஒரு நிமிட செஸ் ஆட உட்காருகிறவனுக்குக் கைமுதல் 60 வினாடி. கடன் கேட்க ஆள் கிடையாது, கைமாற்றும் கிடையாது. முதல் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தது ஒரு தோல்வி. ராத்திரிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்து ஆடிய ஆட்டம். எதிராளிக்கு மிச்சம் ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். எனக்கு ராஜா, ராணி, ரூக். கடிகாரத்தில் எனக்கு 4 வினாடி, அவருக்கு 6. ராணியை ஒரு கட்டத்தில் வைக்கப் போன விரல், பக்கத்துக் கட்டத்தில் விட்டுவிட்டது. அவருடைய ராஜா அதைச் சாப்பிட்டது. பதறிப்போய் ரூக்கால் ஒரு செக், இன்னொரு செக். மூன்றாவது செக்குக்கு விரல் போவதற்குள் திரையில் 0.0. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு படிக்கிறவன், தீர்ப்புச் சொன்னான்: “மாமா, உங்களுக்கு விரல் ஸ்லோ.”

விரல்தான் காரணமா? நோட்டை எடுத்து, அந்த 60 வினாடி எங்கெங்கே போயிருக்கும் என்று பிரித்து எழுத ஆரம்பித்தேன். விரலின் பேரில் ஒரு தொகை விழுந்தது உண்மை. ஆனால் பெரிய தொகை வேறொரு பேரில் விழுந்தது.

கைமுதல்

இணையத்தில் செஸ் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று லிச்செஸ். பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸ்ஸி 2010-இல் தொடங்கியது. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. மற்றொன்று செஸ்.காம். 2022 டிசம்பரில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

இரண்டும் ஆட்டத்தின் நீளத்தை ஒரே வாய்ப்பாட்டில்தான் கணக்கிடுகின்றன. ஒரு நகர்வுக்கு எத்தனை வினாடி கூடுகிறதோ அதை 40-ஆல் பெருக்கித் தொடக்க நேரத்தோடு சேர்க்க வேண்டும். தொகை 180 வினாடிக்குக் கீழே இருந்தால் அது புல்லட். அதற்கு மேலே பிளிட்ஸ், இன்னும் மேலே ரேபிட். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 40-க்குப் பதில் 60-ஆல் பெருக்குகிறது. தொகை 10 நிமிடத்தைத் தாண்டாவிட்டால் ஃபிடே கணக்கில் அது பிளிட்ஸ்.

ஓர் ஆட்டத்தில் ஒருவர் 40 முறை காய் நகர்த்துகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒருவருடைய கைமுதலும் ஒரு நகர்வுக்குக் கிடைக்கும் பங்கும் இப்படி வரும்:

1+0 (நிமிடம் + கூடும் வினாடி): 60 வினாடி, ஒரு நகர்வுக்கு 1.5
2+1: 160 வினாடி, 4
3+0: 180 வினாடி, 4.5
3+2: 260 வினாடி, 6.5
5+0: 300 வினாடி, 7.5
10+0: 600 வினாடி, 15
15+10: 1,300 வினாடி, 32.5

லிச்செஸில் 15 வினாடி ஆட்டம்கூட உண்டு. அதில் ஒரு நகர்வுக்கு 0.375 வினாடி. மறுகோடியில், 2024-இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் முதல் 40 நகர்வுக்கு ஒருவருக்கு 120 நிமிடம். ஒரு நகர்வுக்கு 3 நிமிடம். நான் திண்ணையில் உட்கார்ந்து ஆடுவதைப் போல 120 மடங்கு.

கட்டாயச் செலவு

முதலில் கண்ணின் செலவு. எதிராளி காயை நகர்த்தியதைக் கண் பார்த்து, கை அசையத் தொடங்க, மனித உடலுக்கு ஏறக்குறைய கால் வினாடி ஆகும். இதில் கெட்டிக்காரன், மந்தன் என்ற வித்தியாசம் கொஞ்சம்தான். 40 நகர்வுக்கு 10 வினாடி. ஒரு யோசனையும் செய்யாமலே கைமுதலில் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது.

அடுத்தது விரல். 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதியைக் கணக்காக்கிக் கொடுத்தார்: தொட வேண்டிய இடம் எவ்வளவு சிறிதோ, எவ்வளவு தள்ளியோ, அவ்வளவு நேரம் பிடிக்கும். போட்டிப் பலகையில் ஒரு கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர் இருக்கலாம் என்கிறது ஃபிடே. ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர். சாதாரண செல்போனின் அகலமோ சுமார் 7 சென்டிமீட்டர். அதை 8 கட்டமாகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 0.9 சென்டிமீட்டர்கூட வராது. கட்டை விரல் நுனியைவிடக் கட்டம் சிறிது. என் ராணி தவறான கட்டத்தில் உட்கார்ந்த கதை இதுதான். விரலுக்கு ஒரு நகர்வுக்கு 0.35 வினாடி என்று நோட்டில் போட்டிருக்கிறேன். 40 நகர்வுக்கு 14 வினாடி.

மூன்றாவது, நெட் தாமதம். இதற்குக் கணக்கு வீட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

8,000 கிலோமீட்டர்

லிச்செஸின் சர்வர்கள் பிரான்ஸில் இருக்கின்றன. எங்கள் ஊர் இருக்கும் அரியலூர் மாவட்டத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எதிராளியின் நகர்வு சர்வரிலிருந்து என்னிடம் வர 0.04 வினாடி, என் நகர்வு அங்கே திரும்பிப் போக 0.04. மொத்தம் 0.08. இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கூலி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, டவரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். குறைந்தபட்சத்தையே வைத்தாலும் 40 நகர்வுக்கு 3.2 வினாடி. சிக்னல் தடுமாறித் தாமதம் 0.2 ஆனால் 8 வினாடி, 0.3 ஆனால் 12 வினாடி. இந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை லிச்செஸ் கடிகாரத்தில் ஈடுகட்டிக் கொடுக்கிறது, எல்லாவற்றையும் அல்ல.

நெட் அடியோடு போய்விட்டால் ஈடுகட்ட வழியே இல்லை. 2020-இல் ஃபிடே முதன்முதலாக இணையத்தில் ஒலிம்பியாட் நடத்தியது. ஆகஸ்ட் 30-ஆம் தேதி இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. உலக அளவில் இணையம் தடுமாறிய நேரம் அது. இந்திய அணியின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பு அறுந்து, கடிகாரம் ஓடித் தீர்ந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது; கடைசியில் இரு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். தேசிய அணிக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. கரண்ட் போய் வைஃபை அணைந்த வீட்டுக்காரருக்கு ரேட்டிங் குறைவதோடு சரி.

இன்னொரு செலவு கடிகாரத்தில் தெரியாது: தூக்கம். பெரிய இணையப் போட்டிகள் பல ஐரோப்பிய நேரத்துக்கு நடக்கின்றன. 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் 16 வயது பிரக்ஞானந்தா, கருப்புக் காயில் 39 நகர்வில் அன்றைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனைத் தோற்கடித்தபோது சென்னையில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸில் இறுதி வரை போனார். அந்த நாட்களிலேயே பிளஸ் ஒன் பரீட்சையும் எழுதினார். அவர் ஆடியது 15+10, ஒரு நகர்வுக்கு அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கிற ஆட்டம். ராத்திரி 1 மணிக்குக் கண் சொருகச் சொருக 1+0 ஆடுகிறவர்கள் இதை உதாரணம் காட்ட முடியாது.

மூன்று கட்டாயச் செலவையும் கூட்டுகிறேன்: 10 + 14 + 3.2 = 27.2 வினாடி. கைமுதல் 60-இல் மிச்சம் 32.8. அதை 40 நகர்வுக்குப் பங்கிட்டால் ஒரு நகர்வுக்கு யோசிக்க 0.82 வினாடி. ஒரு தும்மலுக்குப் போகிற நேரம்.

ரூபாய்க் கணக்கு

ரூபாயில் பார்த்தால் இவ்வளவு மலிவான பொழுதுபோக்கு ஊரில் வேறில்லை. 28 நாளைக்கு தினம் 1.5 ஜிபி தரும் 299 ரூபாய் ரீசார்ஜை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 42 ஜிபி. ஒரு ஜிபி 7 ரூபாய் 12 காசு. செஸ் நகர்வு என்பது வெறும் சில எழுத்துகள். ஒரு நகர்வுக்கு அரை கேபி என்று தாராளமாக வைத்தாலும், இருவரும் சேர்ந்து 80 நகர்வுக்கு 40 கேபி. 100 ஆட்டத்துக்கு 4 எம்பி. அதன் விலை 3 காசு. விளம்பரமும் படமும் இழுக்கிற டேட்டா தனி.

மின்சாரம்: 5,000 எம்ஏஎச் பேட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 25 என்று வைத்தால், ஒரு யூனிட்டில் 40 முறை முழுசாக சார்ஜ் ஏற்றலாம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்கிற மாநிலத்தில் இதற்குத் தனி வரி எழுத வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கம்: நேரில் போட்டி ஆட சென்னைக்குப் போவதென்றால் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறி எழும்பூர் வரை சுமார் 270 கிலோமீட்டர். நாலு மணி நேரத்துக்கு மேல். போக வர 8 மணி நேரம் என்றால், அந்த நேரத்தில் 1+0 ஆட்டம் 240 ஆடிவிடலாம். அங்கே முழு நாளுக்கும் ஆடக் கிடைப்பது ஒரு சில ஆட்டம்.

240-ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. தினம் 20 ஆட்டம் 1+0 ஆடினால் வருடத்துக்கு 7,300 ஆட்டம், 2,92,000 நகர்வு, அதிகபட்சம் 243 மணி நேரம். அதாவது இரவு பகலாகப் பத்து நாள். காசாகச் செலவு சில ரூபாய்தான். செலவாகிப் போவது இந்தப் பத்து நாள். இதற்கு ஈடாக என்ன வரவு வந்தது என்பதுதான் கேள்வி.

வரவுப் பக்கம்

வேகமாக ஆடுகிறவர்கள் எதை வைத்து வேகமாக ஆடுகிறார்கள் என்பதை 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். நடு ஆட்டத்தில் 25 காய் அளவுக்கு உள்ள ஒரு பலகையை 5 வினாடி காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் முதல் தடவையில் 16 காய் சரியாக வைத்தார். நடுத்தர ஆட்டக்காரர் 8. புதியவர் 4. பிறகு காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் மூன்று நாலு காய்க்கு மேல் வைக்க முடியாமல் புதியவரோடு சமமாகிவிட்டார். மாஸ்டருக்கு நினைவாற்றல் அபாரம் என்பதில்லை. காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், பழகின கூட்டமாகப் பார்க்கிறார். நாம் எழுத்துக் கூட்டாமல் சொல்லாக வாசிப்பது போல.

2004-இல் புரூஸ் பர்ன்ஸ் வெளியிட்ட ஆய்வும் அதே பக்கம் நிற்கிறது. வழக்கமான நேரத்தில் 5 சதவீதம்கூட இல்லாத பிளிட்ஸில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பதை வைத்தே, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான திறமை வேறுபாட்டில் 81 சதவீதம் வரை விளக்க முடிந்தது. யோசிக்க நேரமே இல்லாதபோதும் திறமைசாலி திறமைசாலியாகவே இருக்கிறார். ஏற்கெனவே யோசித்துச் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழிக்கிறார்.

நம் பக்கத்து உதாரணம் விஸ்வநாதன் ஆனந்த். 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் 1972-இல் மானுவேல் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப்பில் வளர்ந்தவர். அங்கே பிளிட்ஸில் ஜெயித்தவர் பலகையில் இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். உட்கார்ந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் வேகமாகவும் ஆட வேண்டும், தப்பில்லாமலும் ஆட வேண்டும். அந்தப் பையனின் வேகத்தைப் பார்த்து உலகம் வைத்த பேர் ‘லைட்னிங் கிட்’. 2017 டிசம்பரில் ரியாத்தில், 48 வயதில், 15 சுற்றில் ஒன்றில்கூடத் தோற்காமல் 10.5 புள்ளி எடுத்து உலக ரேபிட் பட்டம் வென்றார். கிளப்பின் பெயருக்குரிய மிகைல் டால் 1988-இல் கனடாவில் உலக பிளிட்ஸ் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 51. விரல் வேகம்தான் எல்லாம் என்றால் 48-க்கும் 51-க்கும் அங்கே என்ன வேலை?

சேமிப்பை வைத்துத் திரும்பக் கணக்கு

இப்போது என் 60 வினாடியை மறுபடி எழுதுகிறேன். முதல் 10 நகர்வு நன்றாகத் தெரிந்த ஓப்பனிங், யோசனைச் செலவு பூஜ்யம். 8 நகர்வு ப்ரீமூவ், அதாவது எதிராளி யோசிக்கும்போதே அடுத்த நகர்வைப் போட்டு வைப்பது. லிச்செஸில் ப்ரீமூவுக்குக் கடிகாரத்தில் ஒன்றும் குறையாது, செஸ்.காமில் 0.1 வினாடி குறையும்.

கட்டாயச் செலவு 32 நகர்வுக்கு மட்டும்: 32 × 0.68 = 21.76 வினாடி
மிச்சம்: 38.24 வினாடி
யோசிக்க வேண்டிய நகர்வு: 40 – 18 = 22
ஒரு நகர்வுக்கு யோசனை: 1.74 வினாடி

0.82 இருந்த இடத்தில் 1.74. இரண்டு மடங்குக்கும் மேல். இதோடு போனை விட்டு மவுஸுக்கு மாறி விரல் செலவை 0.35-லிருந்து 0.25 ஆக்கினால் இன்னும் 3.2 வினாடி மிச்சமாகும். ஒரு நகர்வுக்கு 1.74 என்பது 1.88 ஆகும். ஆக, தெரிந்து வைத்ததால் வந்த லாபம் 0.92 வினாடி, கையை மாற்றியதால் வந்தது 0.14 வினாடி. பையனின் “விரல் ஸ்லோ” வழக்கில் தீர்ப்பு இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

ப்ரீமூவிலும் நஷ்டக் கணக்கு உண்டு. அதைப் பையனே எனக்குக் காட்டினான். கருப்பில் ஆடினான். வெள்ளை டி4, இவன் ஜி6. அடுத்து பிஷப்பை ஜி7-இல் வைக்க ப்ரீமூவ் போட்டுவிட்டான். எதிராளி பிஷப்பைக் கொண்டுபோய் எச்6-இல் வைத்தார். விழித்திருந்து ஆடினால் அதை இனாமாகச் சாப்பிடலாம். ஆனால் இவன் பிஷப் சொன்னபடி ஜி7-க்குப் போய் உட்கார்ந்தது. வெள்ளை அதை வெட்டியது. மூலையில் ரூக் போக வழியில்லாமல் மாட்டியது. பிஷப் 3, ரூக் 5, மொத்தம் 8 புள்ளி. மிச்சம் பிடித்தது ஒரு வினாடிக்கும் குறைவு. எதிராளிக்கு வேறு வழியே இல்லாத இடத்தில், அல்லது அவர் என்ன ஆடினாலும் நம் நகர்வு சரியாக இருக்கும் இடத்தில் மட்டும் ப்ரீமூவ் போடலாம். மற்ற இடத்தில் அது சூதாட்டம்.

என்ட்கேம் விலைப்பட்டியல்

கடைசி வினாடிகளில் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு ஒரு விலைப்பட்டியல் கையில் இருக்க வேண்டும். எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்க, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் மேட் வைக்க அதிகபட்சம் ஆகும் நகர்வுகளும், நகர்வுக்கு அரை வினாடி வீதம் அவற்றின் விலையும்:

ராணி: 10 நகர்வு, 5 வினாடி
ரூக்: 16 நகர்வு, 8 வினாடி
இரண்டு பிஷப்: 19 நகர்வு, 9.5 வினாடி
பிஷப்பும் குதிரையும்: 33 நகர்வு, 16.5 வினாடி

பிழையில்லாமல் ஆடினால்தான் இந்த விலை. நாம் ஆடினால் கூடத்தான் ஆகும். ஆகவே 5 வினாடி இருக்கும்போது ரூக் வைத்து மேட் தேடுவது கையில் காசில்லாமல் கடைக்குப் போவது போல. 12 வினாடி மிச்சம் இருக்கும்படி அங்கே வந்து சேர வேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் நமக்குத் தோல்வி இல்லை, டிரா. அவரிடம் ஒரு சிப்பாய் இருந்தால் தோல்வி.

ஒரு மணி நேரத்தின் விளைச்சல்

வேகம் கூட எந்த ஆட்டம் ஆடலாம்? ஒரு மணி நேரத்தை முழுக்க ஆட்டத்துக்கே கொடுத்தால், அதில் நம் பங்கு 30 நிமிடம். கட்டாயச் செலவு 27.2 வினாடியை ஒவ்வோர் ஆட்டத்திலும் கழித்தால், உண்மையில் யோசிக்கக் கிடைக்கும் நேரம்:

1+0: 30 ஆட்டம், 16.4 நிமிடம்
2+1: சுமார் 11 ஆட்டம், 24.9 நிமிடம்
3+2: சுமார் 7 ஆட்டம், 26.9 நிமிடம்
10+0: 3 ஆட்டம், 28.6 நிமிடம்

எல்லா ஆட்டமும் கடைசி வினாடி வரை போவதாக வைத்த கணக்கு இது. எண்களை மேலிருந்து கீழே பாருங்கள். 1+0-லிருந்து 3+2-க்கு மாறினால் யோசனை நேரம் 10 நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. அங்கிருந்து 10+0-க்குப் போனால் கூடுவது 2 நிமிடம்கூட இல்லை. 3+2-இல் வேகமும் இருக்கிறது, யோசனையும் இருக்கிறது. உலக பிளிட்ஸ் போட்டிக்கு ஃபிடே வைத்திருக்கும் நேரமும் இதே 3+2.

எதிர்வீட்டுப் பையனுக்கும் எனக்குமாக நோட்டில் எழுதி வைத்த தினப்படி ஒரு மணி நேரம் இது:

புதிர்: 3 நிமிட ஓட்டம் மூன்று, 9 நிமிடம்
3+2 ஆட்டம் மூன்று: அதிகபட்சம் 26 நிமிடம்
அந்த மூன்றையும் திரும்பப் பார்ப்பது: ஆட்டத்துக்கு 5, மொத்தம் 15 நிமிடம்
ஓர் என்ட்கேம்: 10 நிமிடம்

லிச்செஸின் பஸில் ஸ்டார்மில் 3 நிமிடத்துக்குள் எத்தனை புதிர் முடிகிறதோ அத்தனை போடலாம். ஒரு தப்புக்கு 10 வினாடி அபராதம். அந்த அபராதம்தான் அதன் உயிர். அவசரத்துக்கு விலை உண்டு என்று கடிகாரமே சொல்லிக் கொடுக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்பதை இதைவிடப் புரியும்படி யாரும் சொல்ல முடியாது. கட்டங்களின் பெயர் சட்டென்று வராதவர்கள், அதே தளத்தில் இருக்கும் 30 வினாடி கட்டப் பயிற்சியை முதலில் செய்யலாம்.

திரும்பப் பார்ப்பதில் கம்ப்யூட்டர் சொல்லும் பிழைகளுக்கு முன்னால் நேரப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை வினாடி எடுத்தீர்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். 3+2-இல் ஒரே நகர்வுக்கு 20 வினாடிக்கு மேல் போன இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாதது எது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஐந்தாவது நகர்விலேயே 20 வினாடி என்றால் ஓப்பனிங் படிக்க வேண்டும். நாற்பதாவது நகர்வில் என்றால் என்ட்கேம்.

ரேட்டிங்கில் எதிர்பார்ப்பையும் கணக்கோடு வைத்துக்கொள்ள வேண்டும். ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கில், உங்களைவிட 100 புள்ளி குறைந்தவரோடு 100 ஆட்டம் ஆடினால் கிடைக்க வேண்டியது 64 புள்ளி. 200 குறைந்தவரோடு என்றால் 76. ஆக 100 புள்ளி ஏறுவது என்றால், இன்று சமமாக நிற்கிற எதிராளியிடம் 50 எடுப்பவர் 64 எடுப்பவராக மாறுவது. ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

தொடர் தோல்விக்கும் ஒரு கணக்கு. சம பலமுள்ளவர்களோடு நாணயம் சுண்டுவது போல ஜெயித்துத் தோற்று 20 ஆட்டம் ஆடினால், அதில் எங்காவது தொடர்ந்து மூன்று தோல்வி வருவதற்கான வாய்ப்பு 79 சதவீதம். நூறு நாளில் 79 நாள் அது வரும். கிரகமும் காரணமில்லை, எதிராளி ஏமாற்றினான் என்பதும் இல்லை. ஆனால் மூன்றாவது தோல்விக்குப் பிறகு போனை வைத்துவிடுவது நல்லது. கோபத்தில் ஆடும் நாலாவது ஆட்டத்தில் நாணயம் சமமாக விழாது.

எதை இது தராது

வேக செஸ் எல்லாவற்றையும் கொடுத்துவிடாது என்பதற்கும் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி 18 வயதில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது, அவருடைய பிளிட்ஸ் ரேட்டிங் அவருடைய வழக்கமான ரேட்டிங்கைவிட 100 புள்ளிக்கு மேல் குறைவாக இருந்தது. நீளமான ஆட்டத்தில் உட்கார்ந்து யோசிப்பது தனி உழைப்பு. அங்கே சேர்த்தது இங்கே உதவும். இங்கே மட்டும் ஆடினால் அங்கே போய்ச் சேர முடியாது. பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கும் பெற்றோர் இந்த வரியை மறக்கக் கூடாது: பத்து ஆட்டம் போனில் என்றால், ஓர் ஆட்டமாவது மரப்பலகையில், கடிகாரம் இல்லாமல்.

கடைசி வரி

அன்று ராத்திரி தோற்ற ஆட்டத்தை மறுநாள் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ராணி போன பிறகும் எனக்கு ரூக் இருந்தது. அந்த ரூக்குக்கு நேரே, இடையில் ஒரு காயும் இல்லாமல், அவருடைய ஒற்றைச் சிப்பாய் நின்றது. முதல் செக்குக்குப் பதில் அதை வெட்டியிருந்தால் செலவு 0.68 வினாடி. அதன் பிறகு கடிகாரம் தீர்ந்தாலும் டிரா, தோற்கவே முடியாது. செக் வைப்பதில் இருந்த மும்முரத்தில் நான் சிப்பாயைப் பார்க்கவே இல்லை. அந்த விதி எனக்குத் தெரியும். விரல் நுனிக்கு வருகிற அளவுக்குப் பழகியிருக்கவில்லை.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். “மாமா, விரல் இல்ல. பழகல,” என்றான்.

நோட்டில் செலவுப் பக்கத்தின் கடைசி வரியாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதுவே: கடிகாரம் சிவப்பானால் முதலில் சிப்பாயை வெட்டுங்கள்.